டீபக்கைப் போட்டுவிட்டு மறந்தவர்கள்

சில வருஷங்களுக்கு முன்னால், நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வர் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பகல் முழுக்க ஒழுங்காக இருக்கும். காலையில் முதல் ஆள் உள்ளே வந்து ஒரு பட்டனைத் தட்டினால் மட்டும் அரை நிமிஷம் அப்படியே நிற்கும். அப்புறம் இணைப்பு போய்விட்டது என்று ஒரு வரி வரும். மறுபடி தட்டினால் வேலை செய்யும். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்தால் சில நாள் அதே கதை. நெட்வொர்க் பார்க்கிறவர்கள் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்றார்கள். டேட்டாபேஸ் பார்க்கிறவர்கள் "அந்த நேரத்துல எங்ககிட்ட எதுவும் வரவே இல்லையே" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது.

லாகைத் திறந்தால் அந்த ஒரே வரிதான். எப்போது போனது என்று இருக்கும், ஏன் போனது என்று இருக்காது. கடைசியில் டீபக் லாகைப் போட்டோம். அதுவரை நாளைக்கு நூறு வரி எழுதிக்கொண்டிருந்த சர்வர் நிமிஷத்துக்கு ஆயிரம் வரி கொட்ட ஆரம்பித்தது. மறுநாள் காலை அதைச் சலித்துப் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தோற்றுப்போன ஒவ்வொரு இணைப்பும் அதற்கு முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா கிடந்த இணைப்பு. நடுவில் இருந்த ஃபயர்வால், ஒரு மணி நேரம் பேச்சுமூச்சு இல்லாத இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். எடுத்ததை இரண்டு முனைக்கும் சொல்லாது. லினக்ஸ் சர்வரோ, மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதற்கு முதலில் காத்திருக்கும் நேரம், மாற்றாமல் விட்டால், 7,200 வினாடி. ஒரு மணிக்குச் செத்தவனை இரண்டு மணிக்குப் போய் விசாரிக்கிற கதை. 7,200ஐ 600 ஆக்கினோம். தீர்ந்தது. டீ குடிக்கப் போனோம்.

டீபக்கை அணைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த சர்வர் படுத்துவிட்டது. டிஸ்க் முழுக்க லாக். எழுத ஒரு இன்ச் இடமில்லை. நோயைக் கண்டுபிடித்த கருவியே நோயாளியைச் சாய்த்துவிட்டது. திங்கட்கிழமை வாங்கிக் கட்டிக்கொண்டதை விடுங்கள். இப்படி விளக்கைப் போட்டுவிட்டு மறந்துபோனவன் நான் மட்டும்தானா என்று தேட ஆரம்பித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நான் மட்டும் இல்லை. என்னைவிடப் பெரிய ஆட்களெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள்.

முதலில் பெயர். லாக் என்றால் மரக்கட்டை. பழைய கப்பல்களில் வேகம் பார்க்க, முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுவார்கள். கட்டையின் கணக்கு எழுதிய நோட்டு கட்டையின் பெயரையே வாங்கிக்கொண்டது. கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று முடிச்சுக் கணக்கில் சொல்வதும் இதனால்தான். கணினிக்காரர்கள் இந்த நோட்டை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் அது நிஜமாகவே நோட்டுதான், பேனாவால் எழுதியது.

இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட்டின் முதல் லாக் அப்படிப்பட்ட ஒரு நோட்டில்தான் இருக்கிறது. 1969 அக்டோபர் 29, கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம். சார்லி க்ளைன் என்ற மாணவர் அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழையப் பார்க்கிறார். அந்தப் பக்கம் பில் டுவால். இரண்டு பேர் காதிலும் தொலைபேசி. 'லாகின்' என்று அடிக்கவேண்டும். எல் போனது, "வந்துச்சா?", "வந்துச்சு". ஓ போனது, அதுவும் வந்தது. ஜி அடித்ததும் அந்தப் பக்கத்துக் கணினி விழுந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு எழுத்துதான் வரும் என்று நம்பி எழுதிய நிரல் அது. மறுமுனைக் கணினி புத்திசாலித்தனமாக மீதி எழுத்துகளையும் தானே நிரப்பி மொத்தமாகத் திருப்பி அனுப்ப, தாங்கவில்லை. டுவால் அதைச் சரிசெய்தார். பிறகு ஒழுங்காகப் பேசின.

நோட்டில் என்ன இருக்கிறது? இரவு 9 மணிக்கு ஒரு நிரலை ஏற்றியதாக ஒரு குறிப்பு. 10:30க்கு, எஸ்.ஆர்.ஐ. கணினியுடன் பேசியதாக ஒரு குறிப்பு, பக்கத்தில் க்ளைனின் கையெழுத்துச் சுருக்கம். அவ்வளவுதான். கணினி விழுந்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. வலைப்பின்னலின் முதல் கோளாறே லாகில் ஏறவில்லை. அந்த இரண்டு பேர் பிறகு வாயால் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரியும். ஜெயித்ததை எழுதுவது எளிது. தோற்றதை எழுத, தோற்கும் என்று யாராவது முன்கூட்டியே நினைத்திருக்கவேண்டும். டீபக் லாக் எழுதுகிற வேலை முழுக்க இந்த முன்யோசனைதான்.

ஆர்ப்பாநெட்டைக் கட்டிய பி.பி.என். நிறுவனத்துக்காரர்களுக்கு அந்த யோசனை இருந்தது. ஊருக்கு ஊர் வைத்த 'இம்ப்' என்ற பெட்டிகள் (இன்றைய ரௌட்டரின் தாத்தா) தங்கள் நிலைமையை மாசசூசெட்ஸில் இருந்த கட்டுப்பாட்டு மையத்துக்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்படி செய்திருந்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு தொலைபேசித் தடம் கெட்டால், நாட்டின் மறுகோடியிலிருந்து பி.பி.என். ஆட்கள் தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டு, உங்கள் லைன் கெட்டுவிட்டது என்பார்களாம். உள்ளூர் ஆளுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் முழிப்பார்களாம்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை உண்டு. நெட்வொர்க்கின் நிலைமையைச் சொல்லும் செய்தி அதே நெட்வொர்க் வழியாகத்தான் வரவேண்டும். 1980 அக்டோபர் 27 அன்று அந்த ஓட்டை தெரிந்தது. ஆர்ப்பாநெட் முழுவதும் பல மணி நேரம் உபயோகமில்லாமல் போனது. அடுத்த வருஷம் எரிக் ரோசன் இதைப் பற்றி எழுதிய ஆர்.எஃப்.சி. 789 என்ற அறிக்கை இன்றும் கிடைக்கிறது. துப்பறியும் கதை மாதிரி படிக்கலாம்.

ஒவ்வொரு இம்ப்பும் தன்னைச் சுற்றியுள்ள தடங்களில் எவ்வளவு தாமதம் என்று அளந்து, அந்தச் செய்தியை எல்லா இம்ப்களுக்கும் பரப்பும். எது புதிய செய்தி, எது பழசு என்று தெரிய ஒரு வரிசை எண். ஆறு பிட், அதாவது 0 முதல் 63 வரை. 63க்குப் பிறகு மறுபடி 0. கடிகார முள் மாதிரி சுற்றுவதால், இரண்டு எண்ணில் எது 'பிந்தியது' என்பதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள்: முன்பக்கமாக 32க்குள் இருந்தால் பிந்தியது.

அன்றைக்கு எல்லாம் நின்றபோது பொறியாளர்கள் ஒரு இம்ப்பின் மெமரியை அப்படியே எடுத்துப் பார்த்தார்கள். வரிசையில் நின்றது முழுக்க 50ஆம் எண் இம்ப்பின் செய்திகள். அவற்றில் மூன்றே எண்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன: 8, 40, 44. இவற்றை இரண்டடிமானத்தில் எழுதிப் பாருங்கள். 44 என்பது 101100. அதில் ஒரு 1 உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொரு 1 உதிர்ந்தால் 001000, அதாவது 8. பக்கத்தில் இருந்த 29ஆம் எண் இம்ப்பின் வன்பொருள் கோளாறாகி பிட்டுகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. ஒரே செய்தி மூன்று வேஷம் போட்டுக் கிளம்பிவிட்டது. விதிப்படி 44, 40க்குப் பிந்தியது. 40, 8க்குப் பிந்தியது. 8, 44க்குப் பிந்தியது! கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டு மாதிரி ஒன்றையொன்று தோற்கடித்துக்கொண்டே மூன்றும் முடிவில்லாமல் சுற்றின. இம்ப்களுக்கு இதைக் கையாளவே நேரம் போதவில்லை, மற்ற எல்லாம் நின்றுவிட்டது. 50ஆம் எண்ணிலிருந்து வருவதை யாரும் காதில் வாங்காதீர்கள் என்று ஒரு ஒட்டுப்போட்ட நிரலை ஒவ்வொரு இம்ப்பாக ஏற்றித்தான் அடக்கினார்கள்.

வழக்கமாக வரும் நிலவர அறிக்கைகள் இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என்ன கோளாறு என்று சொன்னது உள்ளே குவிந்து கிடந்த பச்சைத் தகவல். நாற்பத்தொரு வருஷம் கழித்து 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் உலகம் முழுக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் காணாமல் போனபோது, சரிசெய்யவேண்டிய பொறியாளர்களின் உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் சேர்ந்தே போய்விட்டன. அதே ஓட்டைதான், கொஞ்சம் பெரிய சைஸில்.

இனி 1980களின் பெர்க்லிக்கு வருவோம். நாம் இன்று போட்டு அணைக்கிற டீபக்கின் பூர்வீகம் அங்கேதான்.

எரிக் ஆல்மன் அங்கே ஒரு டேட்டாபேஸ் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தார். அந்தக் குழுவின் கணினியில்தான் ஆர்ப்பாநெட் இணைப்பு. மற்ற துறைக்காரர்களெல்லாம் மின்னஞ்சலுக்காக அந்தக் கணினியில் கணக்கு கேட்டு நச்சரித்தார்கள். ஆளுக்கொரு கணக்குக் கொடுப்பதற்குப் பதில் அஞ்சலைக் கடத்திவிடுகிற ஒரு நிரலை அவர் எழுதினார். அது வளர்ந்து சென்ட்மெயில் ஆனது. 1983இல் பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்போடு ஊர் ஊராகப் போனது. அஞ்சல் தொலைந்தால் எங்கே தொலைந்தது என்று பார்க்கவேண்டுமே? அதற்காக அவர் கூடவே எழுதியது சிஸ்லாக். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தீவிரம், 0 முதல் 7 வரை. 0 என்றால் வீடு பற்றி எரிகிறது. 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 சாதாரணத் தகவல். எல்லாவற்றுக்கும் கீழே, கடைசிப் படியில், 7: டீபக்.

சென்ட்மெயிலுக்காக எழுதிய இந்தப் படிக்கட்டை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ரௌட்டர், பிரின்டர், ஃபயர்வால் எல்லாம் சிஸ்லாக் பேச ஆரம்பித்தன. இப்படித்தான் எல்லோரும் பேசுகிறார்கள் என்று ஒரு ஆவணம் எழுதிவைக்கவே 2001 ஆகிவிட்டது. முறையான தரநிலை வந்தது 2009இல். அதுவரை இருந்த வடிவத்தில் ஒரு வேடிக்கை: தேதியில் மாதம், நாள், மணி, நிமிஷம், வினாடி எல்லாம் இருக்கும், வருஷம் இருக்காது. வருஷக்கணக்கில் லாகை வைத்திருந்து யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. பழைய லாகைக் கிண்டிய ராத்திரிகளில் நான் திட்டியிருக்கிறேன்.

அதே 1983இன் டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் ஒரு ஆய்வகத்தில் மைக் மூஸ் என்பவர் நெட்வொர்க் ஏதோ விசித்திரமாக நடந்துகொள்வதைப் பார்த்துவிட்டு, அன்று மாலை உட்கார்ந்து ஒரு சின்ன நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் எதிரொலிச் சத்தத்தை வைத்து அதற்கு 'பிங்' என்று பெயர். நிரல் தயார், ஆனால் ஓடவில்லை. கெர்னலில் அதற்கான வசதியே இல்லை. கோபத்தில் அதையும் எழுதி, விடிவதற்குள் ஓடவைத்துவிட்டார். ஓடவைத்துப் பார்த்தால், பக்கத்தில் இருந்த சகா அதற்குள் கெட்டுப்போன வன்பொருளைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டிருந்தார். எந்தக் கோளாறுக்காக பிங் பிறந்ததோ அந்தக் கோளாறை பிங் பார்க்கவே இல்லை. மூஸ் இதைத் தன் பக்கத்தில் சிரித்துக்கொண்டே எழுதிவைத்திருக்கிறார்.

பெர்க்லி யூனிக்ஸில் இன்னொரு வசதியும் இருந்தது. அதிகம் பேர் பேசுவதில்லை, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நிரல் தன்னுடைய ஒரு இணைப்புக்கு மட்டும் டீபக்கைப் போடச்சொல்லி கெர்னலைக் கேட்கலாம். கெர்னல் அந்த இணைப்பில் போகிற வருகிற ஒவ்வொரு டி.சி.பி. பாக்கெட்டின் விவரத்தையும் எழுதிவைக்கும். எங்கே? டிஸ்கில் இல்லை. மெமரியில், நூறே நூறு கட்டங்கள் கொண்ட ஒரு வட்டத்தில். நூற்றொன்றாவது வந்தால் முதலாவதின் மேலேயே எழுதும். கடைசி நூறு சம்பவங்கள் எப்போதும் கையில் இருக்கும், ஒருபோதும் நிறையாது. என் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியை 1983லேயே ஒருவர் யோசித்திருக்கிறார்.

1986 அக்டோபரில், பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் அருகில் மலைமேல் இருந்த லாரன்ஸ் ஆய்வகத்துக்கும் நடுவே, 400 கெஜ தூரத்தில், வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. ஆயிரமாகக் குறையவில்லை, நாற்பதாகக் குறைந்தது. பேப்பரில் எழுதி ஆள் மூலம் கொடுத்தனுப்பினால் சீக்கிரம் போயிருக்கும். ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் ஏன் என்று தோண்ட ஆரம்பித்தார். நெரிசலில் தொலைந்த பாக்கெட்டுகளை டி.சி.பி. மறுபடி மறுபடி அனுப்பி நெரிசலை மேலும் கூட்டுகிறது என்பது தெரியவந்தது. இன்று ஒவ்வொரு ஃபோனிலும் ஓடுகிற நெரிசல் கட்டுப்பாடு அதிலிருந்து பிறந்ததுதான். அவரும் சகாக்களும் கம்பியில் போவதைப் பார்க்க எழுதிய டி.சி.பி.டம்ப் நிரலை இன்றைக்கும் சர்வர்க்காரர்கள் தினம் உபயோகிக்கிறோம். நிரல் தன்னைப் பற்றிச் சொல்வது லாக். கம்பியில் நிஜமாக என்ன போனது என்பது டம்ப். இரண்டும் ஒத்துப்போகாதபோது நான் டம்ப்பைத்தான் நம்புவேன்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். 1988 நவம்பர் 2.

சென்ட்மெயிலை ஒரு ஊரின் வசதிக்கேற்ப அமைப்பது பெரும் தலைவலி. அதன் அமைப்புக் கோப்பைப் பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்துபோன மாதிரி இருக்கும். எழுதியது சரியா என்று சோதிக்க ஒரு டீபக் வசதி வைத்திருந்தார்கள். அஞ்சல் வாங்கும் கதவில் வெளியிலிருந்து இணைந்து 'டீபக்' என்று ஒரு சொல் அடித்தால் போதும். அதன்பிறகு 'யாருக்கு' என்ற இடத்தில் ஆள் பெயருக்குப் பதில் ஒரு ஆணையைக் கொடுக்கலாம், சர்வர் அதை ஓட்டும். சோதிக்கிறவருக்கு இது சௌகரியம். ஆனால் கேட்பவர் யார் என்று அது கேட்காது. பாஸ்வேர்டும் கிடையாது. இந்த வசதி ஊருக்கு அனுப்பும் பதிப்பில் இருக்கவே கூடாது. ஆனால் விற்றவர்களும் சரி, நிர்வாகிகளும் சரி, நிறையப் பேர் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். நாளைக்கு மறுபடி ஏதாவது கோளாறு வந்தால் தேவைப்படுமே என்றுதான். நான் நினைத்ததும் அதேதான்.

கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் அன்று மாலை எம்.ஐ.டி. கணினி ஒன்றிலிருந்து தன் புழுவை அவிழ்த்துவிட்டார். அதற்குப் பல வழிகள் தெரியும். ஃபிங்கர் என்ற சேவையில் ஒரு ஓட்டை, எளிய பாஸ்வேர்டுகளை ஊகிப்பது, ஒரு கணினி இன்னொன்றின் மேல் வைத்த நம்பிக்கை. இவற்றோடு சென்ட்மெயிலின் டீபக். கதவைத் தட்டும், டீபக் என்று சொல்லும், 'யாருக்கு' இடத்தில் ஆணையை வைக்கும், கடிதமாக ஒரு குட்டி நிரலை அனுப்பும். அந்தக் குட்டி அங்கேயே கம்பைலாகி, தாயை உள்ளே இழுத்துக்கொள்ளும். பரவிய வேகம் எழுதியவரின் கணக்கையே மீறிப்போய், ஒரே கணினியில் பல பிரதிகள் ஓடி மூச்சை அடைத்தன. சுமார் 6,000 கணினிகள் என்ற எண் அன்றிலிருந்து சொல்லப்படுகிறது. யாரும் உட்கார்ந்து எண்ணியதில்லை, குத்துமதிப்புதான்.

முதலில் என்ன தெரிந்தது? பர்டூ பல்கலைக்கழகத்தின் யூஜீன் ஸ்பாஃபோர்ட் எழுதிய ஆய்வின்படி, தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தில் புரியாத கோப்புகள். அப்புறம், சென்ட்மெயில் போன்றவற்றின் லாகில் புரியாத வரிகள். டீபக் கதவு வழியாக நுழைந்த திருடனின் கால்தடம் லாகில்தான் விழுந்திருக்கிறது.

அன்று ராத்திரியே ஹார்வர்டில் இருந்த மோரிஸின் நண்பர் ஒருவர், பெயர் போடாமல், இதை எப்படித் தடுப்பது என்று ஒரு செய்தி அனுப்பினார். அதில் ஒரு யோசனை: டீபக் இல்லாமல் சென்ட்மெயிலை மறுபடி கம்பைல் செய்யுங்கள். செய்தி வழியில் மாட்டிக்கொண்டு, தேவைப்பட்டவர்களுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் இருந்த கணினிகளைத்தான் பயந்துபோய் துண்டித்துவிட்டார்களே! பெர்க்லிக்காரர்களும் விடிவதற்குள் ஒரு தீர்வை வெளியிட்டார்கள். மூல நிரல் இல்லாதவர்களுக்கு என்ன வழி? கம்பைலான கோப்பையே திறந்து, உள்ளே 'டீபக்' என்று எழுதியிருக்கும் எழுத்துகளைக் கண்டுபிடித்து, அதன்மேல் வேறு எதையாவது எழுதிவிடுங்கள் என்றார்கள். கதவைப் பூட்ட நேரமில்லை, கதவின் பெயரை அழித்துவிடு.

மோரிஸுக்கு 1990இல் தண்டனை: மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். இந்தச் சம்பவத்தால்தான் அதே நவம்பரில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' என்ற அவசரக் குழு பிறந்தது. டீபக்கை அணைக்காமல் விட்டவர்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. கொடுப்பதென்றால் பாதி யூனிக்ஸ் உலகத்துக்குக் கொடுத்திருக்கவேண்டும்.

டீபக் கதவைத் திறந்துவிடாமல் இருந்தாலும், அதற்கென்று ஒரு எடை உண்டு. சிஸ்கோ ரௌட்டரில் 'டீபக் ஆல்' என்று அடித்த ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். கன்ஸோல் கம்பி வினாடிக்கு 9,600 பிட்தான் தாங்கும். ஒவ்வொரு எழுத்தையும் அதில் தள்ள ரௌட்டரின் மூளை நின்று வேலை பார்க்கவேண்டும். பாக்கெட் மழை பெய்கிற ரௌட்டரில் அதைப் போட்டால், எழுதுவதிலேயே மூழ்கி, அனுப்புகிற வேலையை விட்டுவிடும். அணைக்கலாம் என்றால் 'அன்டீபக் ஆல்' என்று அடிக்கிற எழுத்துகளையே அது வாங்காது. அதனால் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பது: அணைக்கும் ஆணையை முதலில் ஒருமுறை அடித்துவிடு, அப்புறம் டீபக்கைப் போடு. அப்போதுதான் அவசரத்தில் மேல்நோக்கி அம்புக்குறியைத் தட்டி அந்த ஆணையைச் சட்டென்று எடுக்கலாம்.

இன்னொன்று, டீபக் போட்டதும் காணாமல் போகிற கோளாறு. எழுதும் வேலை நிரலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். இரண்டு காரியங்கள் ஒன்றோடொன்று மோதுவதால் வந்த கோளாறு, அந்தத் தாமதத்தால் மோதாமல் போய்விடும். இதற்கு 'ஹைசன்பக்' என்று பெயர், இயற்பியலாளர் ஹைசன்பர்க்கை வைத்து. ஜிம் கிரே 1985இல் கணினிகள் ஏன் நிற்கின்றன என்று எழுதிய புகழ்பெற்ற அறிக்கையில் இந்தச் சொல்லை விளக்குகிறார். டாக்டரைப் பார்த்ததும் வலி போய்விடுகிற நோயாளி மாதிரி. எனக்குத் தெரிந்த ஒரு சர்வரில் இதைத் தீர்க்க முடியாமல் டீபக்கை நிரந்தரமாக ஓடவிட்டார்கள். அது ஒரு தீர்வு என்று எண்ணித்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1988க்குப் பிறகு பாடம் படித்திருப்போம் என்றுதான் நினைக்கத் தோன்றும். 2018 மே 3 அன்று ட்விட்டர் தன் 33 கோடி பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றச்சொன்னது. யாரும் உள்ளே நுழையவில்லை. பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிப்பதற்கு முந்தின படியில், அது அப்படியே ஒரு உள் லாகில் எழுதப்பட்டுவந்திருக்கிறது. அதே வாரம் கிட்ஹப்பும் இதே மாதிரி ஒன்றை ஒப்புக்கொண்டது. 2019 மார்ச்சில் ஃபேஸ்புக், கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் உள்ளே பச்சை எழுத்தில் கிடந்ததாகச் சொன்னது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் 9.1 கோடி யூரோ அபராதம் போட்டது. நெட்வொர்க் வழியே என்னென்ன வருகிறது என்று எழுதச்சொன்னால், லாக் எல்லாவற்றையும்தான் எழுதும். எதை எழுதக்கூடாது என்று அதற்குத் தெரியாது. சர்வருக்குள் நுழைய நாம் உபயோகிக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எச்.-இன் கையேட்டைப் பிரித்தால், டீபக் அளவில் லாக் எழுதுவது பயனர்களின் அந்தரங்கத்தை மீறுவது, வேண்டாம் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. எத்தனை முறை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறேன்! அந்த வரியில் கண் நின்றதில்லை.

அப்புறம் 2021 டிசம்பர். ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நூலகத்தில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. எழுதவேண்டிய வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் முகவரி இருந்தால், நூலகம் அதை எழுதுவதோடு நிற்காமல், அந்த முகவரிக்கே போய் அங்கிருப்பதை எடுத்து ஓட்டிவிடும். 2013இல் யாருக்கோ வசதியாக இருக்கும் என்று சேர்த்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டையில் ஒரு வரி தட்டினாலே சர்வர் விழுந்தது. கணக்கு எழுதுகிற கணக்கப்பிள்ளை, எழுதச்சொன்ன வாக்கியத்தை ஆணையாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்ட மாதிரி. 1988இல் 'யாருக்கு' என்ற இடத்தில் நடந்தது, 2021இல் லாக் வரியில் நடந்தது. இரண்டிலும் வெளியாள் சொன்ன சொல்லை உள்ளே இருப்பது நம்பிவிட்டது.

என் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டிஸ்கைக் காலி செய்ய, மூன்று வாரத்து டீபக் கோப்பை அழிக்கப் போனேன். அழிக்கும் முன், நமக்கு வேண்டிய ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லைத் தேடினேன். சும்மாதான் தேடினேன். திரை ஓட ஆரம்பித்தது. நிறுத்தும் விசையை அழுத்தியும் கொஞ்ச நேரம் ஓடியது. டேட்டாபேஸின் பாஸ்வேர்ட், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முறை, மூன்று வாரமும். அந்தக் கோப்பு தினமும் ராத்திரி காப்புப் பிரதி சர்வருக்கும் போய்க்கொண்டிருந்தது. அதைத் திறக்க யார் யாருக்கு அனுமதி இருந்தது என்ற பட்டியலை எடுத்தோம். பதினொரு பேர். அதில் மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு பாஸ்வேர்டை மாற்றினோம். இப்போதெல்லாம் டீபக்கைப் போடும்போது அதே ஆணையோடு, ஒரு மணி நேரத்தில் தானே அணையும்படி இன்னொரு வரியையும் சேர்த்தே அடிக்கிறேன்.